குரங்குக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையா? முதலில் நாளை எண்ணுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோரத்துக்கு வேலைக்கோ குடியிருக்கவோ புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மழை நின்று, இலை உதிர்ந்து, காட்டுத்தரை மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும் மாதங்களில் காய்ச்சல் வந்தால், டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் என்ற வழக்கமான பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. உண்ணி கடித்து வரும் வைரஸ் காய்ச்சலும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதில் முக்கியமானது கியாசனூர் காட்டு நோய். கன்னடத்தில் 'மங்கன காயிலே', தமிழில் குரங்குக் காய்ச்சல், மருத்துவமனைச் சீட்டுகளில் கேஎஃப்டி. குரங்கம்மை என்று செய்திகளில் வருகிறதே, அது முற்றிலும் வேறு நோய். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சில சீசன்கள் ஓர் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைப் பதிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மாதிரியோடு வரும் படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும். பாதிப் படிவங்களில் அது காலியாகவே வரும். இல்லையென்றால் 'ஒரு வாரமாக' என்று எழுதியிருப்பார்கள். எந்த ஒரு வாரம்? அந்தக் கட்டம் காலியாக இருந்தால், எவ்வளவு நல்ல இயந்திரத்தில் ஓட்டினாலும் வரும் முடிவு பாதிப் பயன்தான்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

1957ல் கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் வரிசையாகச் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். முதலில் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று பயந்தார்கள். தேடிப் பார்த்தபோது கிடைத்தது ஒரு புதிய வைரஸ். டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் சேர்ந்த ஃபிளேவி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கொசுவால் அல்ல, உண்ணியால் பரவுகிறது. ரஷ்யப் பகுதிகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம்.

ரொம்ப காலம் ஷிவமொக்காவோடும் பக்கத்து மாவட்டங்களோடும் அடங்கியிருந்தது போலத் தோன்றிய நோய், 2012 கடைசியில் பந்திப்பூர் பக்கம் தலைகாட்டியது. அதே சீசனில் நீலகிரியிலும் வயநாட்டிலும் செத்த குரங்குகளில் வைரஸ் இருப்பது தெரியவந்தது. 2015ல் வயநாட்டில் பெரிதாகப் பரவியது. அதே ஆண்டு கோவாவின் சத்தாரி தாலுகாவில், அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கில் என்று வடக்கேயும் போனது. அங்கெல்லாம் முந்திரிக்காட்டில் வேலை செய்தவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே நீலகிரியின் கூடலூரில் இருந்துகொண்டு 'அது கர்நாடகத்து நோய்' என்று சொல்ல முடியாது.

மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் வளர்ந்த உண்ணி அல்ல, அதற்கு முந்திய பருவத்துக் குஞ்சு. எள்ளைவிடச் சின்னது. கடித்தது தெரியாமலே போய்விடும். பதிவு மேசையில் நான் அடிக்கடி கேட்ட வசனம், "உண்ணி ஒண்ணும் கடிக்கலீங்க சார்." கடித்த ஞாபகம் இல்லை என்பதை வைத்து இந்த நோயை ஒதுக்கவே கூடாது. அதேபோல, சட்டையில் இருந்து எடுத்த உண்ணியைத் தீப்பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதிலும் நோயாளிக்குப் பயன் இல்லை. உண்ணியில் வைரஸ் இருந்தாலும் அது உங்களுக்குள் வந்ததா என்பதை உங்கள் ரத்தம்தான் சொல்லும்.

முதல் வேலை: தேதியை எழுதுங்கள்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திடீரென்று ஏறிய நாள்தான் முதல் நாள். காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். கடித்த பிறகு 3 முதல் 8 நாளுக்குள் காய்ச்சல் வரும். ஆகவே அதற்கு முந்திய பத்து நாளில் எங்கெங்கே போனீர்கள் என்பதையும் கையோடு எழுதி வையுங்கள். விறகு பொறுக்கப் போனதா, மாட்டைத் தேடிக் காட்டுக்குள் போனதா, பாக்குத்தோட்டத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் சருகு வாரியதா, தீத்தடுப்புக் கோடு வெட்டியதா. சருகு வாருவது சாதாரண வேலையாகத் தெரியும். ஆனால் உண்ணிக் குஞ்சுகள் குடியிருப்பதே அந்தச் சருகில்தான். மலைநாட்டு ஊர்களில் இந்த நோய் வீட்டு வாசல் வரை வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். பக்கத்தில் குரங்கு செத்துக் கிடந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருமுகக் குரங்கும் சாதாரண நாட்டுக்குரங்கும் இந்த வைரஸில் சாகும். உடலைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எந்த நாளில் எந்தப் பரிசோதனை

வைரஸ் உடம்புக்குள் வந்ததும் முதலில் ரத்தத்தில் வைரஸே ஓடுகிறது. சில நாள் கழித்துத்தான் உடம்பு அதற்கு எதிராகப் புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது. இவைதான் ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள். அவற்றில் முதலில் வருவது ஐஜிஎம். வீடு பற்றி எரியும்போது கையில் கிடைத்த குடத்தோடு ஓடிவரும் அக்கம்பக்கத்தார் மாதிரி. வேலை முடிந்ததும் மெல்லக் கலைந்துவிடும். பின்னால் வருவது ஐஜிஜி. அது ஊரிலேயே தங்கிக் காவல் காக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ரத்தத்தில் தெரியும்.

ஆகவே, காய்ச்சலின் முதல் மூன்று நாளில் ஆன்டிபாடி பரிசோதனை மட்டும் செய்தால் நோய் இருந்தாலும் நெகட்டிவ் என்றே வரும். அந்த நாட்களில் கேட்க வேண்டியது வைரஸின் மரபுப்பொருளை நேரடியாகத் தேடும் பிசிஆர். இன்றைக்கு ட்ரூநாட் போன்ற சின்ன இயந்திரத்திலும் இதைச் செய்யும் வசதி வந்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் நாளில் இருந்து ஐஜிஎம் தலைகாட்டத் தொடங்கும். எல்லோருக்கும் அதே நாளில் வந்துவிடாது. ஒரு வாரம், பத்து நாள் வரை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் ரத்தத்தில் வைரஸ் பெரும்பாலும் மறைந்துவிடும், பிசிஆர் கைவிடும். அப்போது ஐஜிஎம்தான் சாட்சி.

இந்த நோய்க்கு ஒரு தந்திர குணம் உண்டு. நோயாளிகளில் நூற்றுக்குப் பத்திருபது பேருக்குக் காய்ச்சல் விட்டு, சில நாள் சும்மா இருந்து, மூன்றாம் வாரத் தொடக்கத்தில் திரும்ப வரும். இந்தச் சுற்றில் கடும் தலைவலி, கைநடுக்கம், பார்வைக் கோளாறு, மனக்குழப்பம் என்று நரம்பு சம்பந்தமான தொல்லைகள் சேரும். இந்தக் கட்டத்தில் முதன்முறையாக மருத்துவமனைக்கு வருபவருக்குப் பிசிஆர் மட்டும் செய்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டால் பெரிய தப்பு.

எங்கே போவது

தெருமுனை லேபில் இது கிடைக்காது. அங்கே டெங்கு கார்டும் டைபாய்டுக்கான விடால் டெஸ்ட்டும் செய்து, ஏதோ ஒன்றில் கோடு விழுந்தால் அதையே நோய் என்று கையில் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. கேஎஃப்டிக்கான ஐஜிஎம்மைத் தேடும் எலிசா என்ற பரிசோதனைக் கிட்டை உருவாக்கியது புனேவில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம். பரிசோதனையை அரசு சுகாதாரத் துறை குறித்திருக்கும் ஆய்வகங்களில்தான் செய்கிறார்கள். ஷிவமொக்காவில் இதற்கென்றே வைரஸ் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. உங்கள் வழி ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. அங்கே போய், "காட்டுக்குப் போய் வந்தேன், இத்தனாம் தேதி காய்ச்சல் வந்தது, குரங்குக் காய்ச்சலுக்கும் பார்க்கணும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். தயங்க வேண்டாம். வெளியூரில் இருந்து மாறுதலாகி வந்த மருத்துவருக்குக் காட்டைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அங்கே மறக்காமல் சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. முன்பு டெங்கு வந்ததா, கேஎஃப்டி தடுப்பூசி எப்போதாவது போட்டீர்களா? கர்நாடகத்தில் பல ஆண்டுகள் இந்தத் தடுப்பூசி போட்டார்கள். போதிய பலன் இல்லை என்று 2022ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் முன்பு போட்டவர் ரத்தத்தில் அதன் ஐஜிஜி தங்கியிருக்கலாம்.

ஒரே குத்தலில் எடுத்த ரத்தத்தில் ஸ்கரப் டைபஸ், எலிக்காய்ச்சல், டெங்கு, மலேரியா எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஎஃப்டிக்கென்று தனி மருந்து கிடையாது. ஸ்கரப் டைபஸுக்கோ டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை உண்டு. அதைத் தவறவிட்டால் உயிர் போகும். அதுவும் இதே புதர்க்காட்டில் இருந்து வருவதுதான், உண்ணிக்குப் பதில் மிகச்சிறு பூச்சி ஒன்று கடித்து வரும்.

ரத்தம் எடுத்து அனுப்புவது

இந்தப் பகுதி செவிலியராகவோ லேப் டெக்னீஷியனாகவோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

ஆன்டிபாடிக்குச் சீரம் வேண்டும். 3 முதல் 5 மில்லி ரத்தத்தை எந்த உறைதடுப்பானும் இல்லாத சிவப்பு மூடிக் குழாயிலோ மஞ்சள் மூடி ஜெல் குழாயிலோ எடுங்கள். ஊதா மூடிக் குழாய் தட்டணு எண்ணிக்கைக்கு, அது தனி. அரை மணி நேரம் அசைக்காமல் நிறுத்தி, உறைந்த பிறகு சுற்றிப் பிரியுங்கள். அவசரப்பட்டு முழு ரத்தத்தையும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துபோகும், அதை வைத்து நம்பிக்கையாக எதுவும் சொல்ல முடியாது. பிரித்த சீரத்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து அனுப்பலாம். பல நாள் தாமதமாகும் என்றால் உறைய வைக்கலாம். உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைக்கிற வேலை மட்டும் கூடாது.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். இந்த நோய் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் ஆய்வகத்தில் மாதிரியையும் வைரஸையும் கையாண்டவர்களுக்குத் தொற்றிய வரலாறு நிறைய உண்டு. குழாய் மூடியை இறுக்கி மூன்றடுக்காகக் கட்டுங்கள்: குழாய், கசியாத இரண்டாவது டப்பா, அதற்கு வெளியே கெட்டியான பெட்டி. இடையில் உடைந்தால் உறிஞ்சப் பஞ்சு.

பேரை அழியாத மார்க்கரில் எழுதுங்கள். ஐஸ் பை வியர்த்து, பால்பாயின்ட் மை கரைந்து, யார் ரத்தம் யாருடையது என்று தெரியாமல் ஒரு பெட்டி முழுக்க வீணானதைப் பார்த்திருக்கிறேன். பதினோரு பேருக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாகிவிட்டது. அதற்குள் சிலருக்குப் பிசிஆர் நாள் கடந்துபோயிருந்தது.

தட்டில் நடப்பது

எலிசா என்றால் 96 குழி கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் மனித ஐஜிஎம்மைப் பிடித்துவைக்கும் பொருள் பூசியிருக்கும். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, ஊற்றினால் உங்கள் ரத்தத்தில் இருக்கிற ஐஜிஎம், எந்த நோய்க்கானதாக இருந்தாலும், அங்கே ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, செயலிழக்க வைத்த கேஎஃப்டி வைரஸ் பொருளை ஊற்றுவார்கள். ஒட்டிய ஐஜிஎம்மில் கேஎஃப்டிக்கானது இருந்தால் மட்டும் அது இதைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி கழுவி, அந்த வைரஸ் பொருளோடு ஒட்டும் நொதி கோத்த எதிர்ப்பொருளைச் சேர்த்து, கடைசியில் நிறம் மாறும் திரவம். நோய் இருந்தால் நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் இயந்திரம் எண்ணாகப் படிக்கும். ஒவ்வொரு தட்டிலும் நிச்சயம் பாசிட்டிவ், நிச்சயம் நெகட்டிவ் என்று தெரிந்த மாதிரிகளும் கூடவே ஓடும். அவை சரியாக வராவிட்டால் தட்டையே குப்பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு மாதிரிக்காகத் தட்டைத் திறப்பது கட்டுப்படியாகாது. மாதிரிகள் சேரும் வரை காத்திருப்பதும் உண்டு. ரிப்போர்ட் தாமதமாக இது ஒரு காரணம்.

ரிப்போர்ட்டை வாசிப்பது

கையில் தாள் வந்ததும் முதலில் பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்காதீர்கள். ரத்தம் எடுத்த தேதியைப் பாருங்கள். காலண்டரில் வட்டம் போட்ட நாளில் இருந்து எண்ணுங்கள். அப்புறம் முடிவைப் படியுங்கள்.

இரண்டாம் நாள் எடுத்த ரத்தம், ஐஜிஎம் நெகட்டிவ்: இதற்கு அர்த்தமே இல்லை. பிசிஆர் செய்தார்களா என்று கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் உடனே செய்யச் சொல்லுங்கள். ஐஜிஎம்முக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். மூன்றாம் நாள், பிசிஆர் பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்: நோய் உறுதி, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, உடம்பு இன்னும் எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். பதினாறாம் நாள், பிசிஆர் நெகட்டிவ், ஐஜிஎம் பாசிட்டிவ்: சமீபத்தில் தொற்று வந்திருக்கிறது, வைரஸ் ரத்தத்தை விட்டுப் போய்விட்டது. பதினாறாம் நாள் இரண்டுமே நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் இது வேறு காய்ச்சல். தேடலை மாற்ற வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. இந்த ஐஜிஎம் காய்ச்சல் வந்து நான்கு மாதம் வரைகூட ரத்தத்தில் தெரியலாம். சீசனே தை முதல் சித்திரை வரைதான் உச்சம். பொங்கல் சமயத்தில் லேசான காய்ச்சல் வந்து, பாராசிட்டமாலில் போய்விட்டது என்று வையுங்கள். சித்திரையில் மறுபடி காய்ச்சல், பரிசோதித்தால் ஐஜிஎம் பாசிட்டிவ். இது எந்தக் காய்ச்சலின் ஐஜிஎம்? பொங்கல் காய்ச்சலுடையதாக இருக்கலாம். இப்போதைய காய்ச்சல் ஸ்கரப் டைபஸாக இருந்து, அதற்கான மாத்திரை கிடைக்காமல் போகலாம். அதனால்தான் ஒரு பாசிட்டிவைப் பார்த்ததும் மற்ற பரிசோதனைகளை நிறுத்திவிடக் கூடாது என்கிறேன்.

ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று, அல்லது பழைய தடுப்பூசி. இன்றைய காய்ச்சலுக்கு அது சாட்சி ஆகாது. தவிர, ஃபிளேவி குடும்பத்து வைரஸ்களின் எதிர்ப்பொருள்கள் ஒன்றின் சட்டையை இன்னொன்று போட்டுக்கொண்டு வரும். முன்பு டெங்கு வந்தவர் ரத்தம் வேறொரு ஃபிளேவி வைரஸுக்கான ஐஜிஜி பரிசோதனையிலும் மங்கலாகப் பாசிட்டிவ் காட்டலாம்; தமிழ்நாட்டில் டெங்கு தொட்டுப்போகாத தெரு எது? ஐஜிஎம்மில் இந்தக் குழப்பம் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தட்டணு குறைவதும் இரண்டு நோயிலும் உண்டு. ஆகவே டெங்கு கார்டில் கோடு விழுந்தது என்பதற்காக, செத்த குரங்குக்குப் பக்கத்தில் வேலை செய்தவருக்குக் கேஎஃப்டி பார்க்காமல் விடுவது சரியில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1952ல் கட்ச், சௌராஷ்டிரப் பக்கத்தில் மக்கள் ரத்தத்தைச் சோதித்தபோது, ரஷ்ய உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸை அடக்கும் எதிர்ப்பொருள் சிலரிடம் இருந்தது. கியாசனூரில் குரங்குகள் சாவதற்கு ஐந்தாண்டு முன்பு, பல நூறு கிலோமீட்டர் தள்ளி! அது ரஷ்ய வைரஸா, கேஎஃப்டியா, வேறொரு சொந்தக்கார வைரஸா என்று அந்த ரத்தம் மட்டும் சொல்லவில்லை. எதிர்ப்பொருள் குடும்பப் பெயரைச் சொல்லும், சில நேரம் ஆள் பெயரைச் சொல்லாது.

சந்தேகம் வந்தால் தீர்க்க இரண்டு வழி. ஒன்று, இரட்டை மாதிரி: காய்ச்சலின்போது ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று, இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டுவது. எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் புதிய தொற்று. குணமான பிறகு எதற்கு இன்னொரு ஊசி என்று பலர் இரண்டாம் மாதிரிக்கு வருவதே இல்லை, தயவுசெய்து வாருங்கள். இன்னொன்று, உயிருள்ள வைரஸை உங்கள் சீரம் அடக்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அதற்கு உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், புனே மாதிரி. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

கால்நடையோடு வேலை செய்பவர்கள் சிலர் இதே டெஸ்ட்டில் கிரிமியன் காங்கோ காய்ச்சலும் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது. அது உண்ணி பரப்புவதுதான், இந்தியாவில் முதலில் 2011ல் குஜராத்தில் உறுதியானது, ஆனால் வைரஸ் குடும்பமே வேறு. தனிப் பரிசோதனை.

ரிப்போர்ட் வரும் வரை

காத்திருக்காதீர்கள். ஸ்கரப் டைபஸ் மாதிரி தனி மருந்து உள்ள நோய் என்று தெரிந்தால் தவிர, கேஎஃப்டி முடிவு எப்படி வந்தாலும் முதல் இரண்டு வாரச் சிகிச்சை ஏறத்தாழ ஒன்றுதான்: ஓய்வு, நீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ரத்த அழுத்தமும் தட்டணுவும் பார்த்துக்கொள்வது. உடம்புவலி தாங்கவில்லை என்று கடையில் ஆஸ்பிரின், புருஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவு வரக்கூடிய நோய் இது. மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுத்த மலம், நிற்கும்போது தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம் – இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்காக வீட்டில் உட்காராமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள்.

காய்ச்சல் விட்ட பிறகும் காலண்டரைக் கழற்றிவிடாதீர்கள். முதல் நாளில் இருந்து நான்கு வாரம் வரை தலைவலியோ நடுக்கமோ வந்தால் அதே மருத்துவமனைக்கு, அதே தாள்களோடு திரும்பிப் போங்கள். ரிப்போர்ட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், காய்ச்சல் தொடங்கிய தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி. அடுத்த தை மாதம் மறுபடி காய்ச்சல் வந்தால், உங்கள் ரத்தத்தில் ஐஜிஜி ஏற்கெனவே இருக்கிறது என்று பதிவு மேசையில் இருப்பவருக்கு அந்தப் படத்தைக் காட்டலாம்.